டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று புரோகிராமுக்குள் இருந்து பார்ப்பது: எந்த வழி எதற்கு?

"டிஸ்க்கில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று என் புரோகிராம் எப்படித் தெரிந்துகொள்வது?" இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பேக்கப் எடுக்கும் கருவி எழுதுபவர் கேட்கிறார். பெரிய ஃபைல்களை இறக்கும் புரோகிராம் எழுதுபவர் கேட்கிறார். சர்வரில் இடம் தீர்வதற்கு முன்னால் எச்சரிக்கை வேண்டும் என்பவரும் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது.

இதில் நான் அக்கறை காட்டுவதற்குச் சொந்த அனுபவம் ஒன்று காரணம். ஒவ்வோர் இரவும் டேட்டாபேஸில் இருந்து ஒரு பெரிய ஃபைலை எழுதி வைக்கும் வேலை ஒன்றை எழுதியிருந்தேன். தொடங்கும் முன் அது இடம் பார்க்கும். ஓர் இரவு 40 ஜிபி இருந்தது, தேவை 30 ஜிபி, சரி என்று தொடங்கிவிட்டது. அதே நிமிடத்தில் வேறொரு டேட்டாபேஸுக்காக அதே புரோகிராம் இன்னொரு முறையும் தொடங்கியது. அதுவும் அதே 40 ஜிபியைத்தான் பார்த்தது. இரண்டும் பாதியில் நின்றன. அதைவிட மோசம், பாதி எழுதிய ஃபைலை முழு ஃபைல் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்ட வேலை ஓடிவிட்டது. இடம் பார்த்த கோடில் பிழை எதுவும் இல்லை. அது சொன்ன எண்ணை நான் ஒரு வாக்குறுதியாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

## எதை வைத்து எடைபோடுவது

யாருக்கான இடம்? டிஸ்க்கில் காலியாக இருக்கும் இடமும், உங்கள் புரோகிராம் எழுதக்கூடிய இடமும் ஒன்றல்ல. லினக்ஸில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது, வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 சதவீதம் ரூட் (நிர்வாகி) பயனருக்கு என ஒதுக்கப்படும். 1 டிபி டிஸ்க்கில் அது சுமார் 50 ஜிபி. சாதாரணப் பயனராக ஓடும் புரோகிராமுக்கு அந்த 50 ஜிபி கிடையாது. இதோடு, ஒவ்வொரு பயனருக்கும் வரம்பு வைக்கும் கோட்டா இருந்தால் கணக்கு இன்னும் மாறும்.

பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே என்ன நடக்கும்? அந்த இடைவெளியில் வேறு யாராவது இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தோற்றால் எப்படித் தோற்கும்? பிழையைச் சொல்லுமா, தவறான எண்ணைத் தருமா, அப்படியே தொங்கி நிற்குமா? பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியம்.

எத்தனை இயங்குதளங்களில் ஓட வேண்டும்? கடைசியாக, எழுதவும் பராமரிக்கவும் எவ்வளவு வேலை?

## 1. டிஎஃப் கட்டளையை ஓட்டி, வரும் எழுத்தைப் பிரிப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. டெர்மினலில் டிஎஃப் அடித்தால் எண் தெரிகிறதே, அதையே புரோகிராமுக்குள் ஓட்டி நாலாவது பத்தியை எடுத்தால் போதாதா?

ஷெல் ஸ்கிரிப்டுக்குப் போதும். ஆனால் பெரிய எழுத்து பி, சின்ன எழுத்து கே ஆகிய இரண்டு தெரிவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். கே இல்லாவிட்டால், யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் சொல்வது 512 பைட் அலகு, லினக்ஸில் வழக்கமாக வருவதோ 1024 பைட் அலகு. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு இடங்களில் இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டும். பி இல்லாவிட்டால், டிவைஸ் பெயர் நீளமாக இருக்கும்போது சில பதிப்புகள் ஒரே வரியை இரண்டாக உடைத்துவிடும். தலைப்பு வரியில் இருக்கும் சொற்கள் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும், அதனால் தலைப்புச் சொல்லைத் தேடிப் பத்தியைக் கண்டுபிடிக்காதீர்கள். எந்த டைரக்டரி என்று பாதையையும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் எல்லா மவுண்டுகளையும் (கணினியோடு இணைத்திருக்கும் ஃபைல் சிஸ்டங்களை) தொட்டுப் பார்க்கும், அதில் செத்துப்போன நெட்வொர்க் மவுண்ட் ஒன்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

மறைமுகச் செலவு வேறு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு புது பிராசஸ் தொடங்க வேண்டும். சிறிதாக்கிய கன்டெய்னர் இமேஜ்களில் டிஎஃப் கட்டளையே இருக்காது. பயனர் கொடுத்த பாதையை ஷெல் வழியாக அனுப்பினால் பாதுகாப்பு ஓட்டை வேறு. விண்டோஸில் இந்த வழியே இல்லை.

## 2. சிஸ்டத்தை நேரடியாகக் கேட்பது

யூனிக்ஸ் குடும்பத்தில் ஸ்டாட்விஎஃப்எஸ், விண்டோஸில் கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்எக்ஸ். இடத்தைப் பார்க்கும் மற்ற வழிகளும் கடைசியில் இவற்றிடமோ இவற்றின் உறவினர்களிடமோதான் வந்து நிற்கின்றன. அதனால் லைப்ரரி பயன்படுத்துபவரும் இந்தப் பகுதியைப் படிப்பது நல்லது.

ஸ்டாட்விஎஃப்எஸ் தரும் கட்டமைப்பில் இரண்டு ஜோடிகள் குழப்பும். முதல் ஜோடி பிஃப்ரீ, பிஅவெய்ல். பிஃப்ரீ என்பது மொத்தமாகக் காலியாக இருக்கும் பிளாக்குகள் (ஃபைல் சிஸ்டம் இடத்தைப் பிரித்துத் தரும் துண்டுகள்), பிஅவெய்ல் என்பது சாதாரணப் பயனருக்குக் கிடைக்கும் பிளாக்குகள். மேலே சொன்ன 5 சதவீதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கிறது. "என்னால் எழுத முடியுமா" என்று கேட்பவருக்கு வேண்டியது பிஅவெய்ல்.

இரண்டாவது ஜோடி பிசைஸ், எஃப்ஆர்சைஸ். பிளாக் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டியது எஃப்ஆர்சைஸ் கொண்டு. எக்ஸ்ட்4 போன்றவற்றில் இரண்டும் ஒரே எண்ணாகவே இருப்பதால், தவறாகப் பெருக்கினாலும் உங்கள் கணினியில் சரியான விடை வரும். மேக்ஓஎஸ்ஸில் ஓட்டும்போதுதான் விடை பல மடங்கு ஊதிப்போகும். அங்கே பிசைஸ் என்பது ஒரே மூச்சில் படிக்க, எழுத ஏற்ற அளவு, அது மிகப் பெரிதாக இருக்கலாம்.

பெருக்கலிலும் ஒரு குழி உண்டு. 4096 பைட் பிளாக்குகள் 10,48,576 இருந்தால் பெருக்கல் சரியாக 2-இன் 32ஆம் அடுக்கு. 32 பிட் எண்ணில் அதை வைத்தால் விடை 0. நாலு ஜிபி இருந்தும் "இடமே இல்லை" என்று புரோகிராம் சொல்லும். பெருக்கும் முன்பே 64 பிட்டுக்கு மாற்றுங்கள், பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை. மேக்ஓஎஸ்ஸில் ஸ்டாட்விஎஃப்எஸ்ஸின் பிளாக் எண்ணிக்கையே 32 பிட்தான், பெரிய வால்யூம்களில் அது சுற்றிவிடும். அங்கே ஸ்டாட்எஃப்எஸ் அழைப்பைப் பயன்படுத்துவது நல்லது. ஃப்ரீபிஎஸ்டியின் ஸ்டாட்எஃப்எஸ்ஸில் பிஅவெய்ல் குறி உள்ள எண். ரூட் தன் ஒதுக்கீட்டைச் சாப்பிடத் தொடங்கினால் அது மைனஸில் போகும். குறியில்லாத எண்ணாக அதைப் படித்தால், நிரம்பி வழியும் டிஸ்க் கடல் போலக் காலியாகத் தெரியும்.

விண்டோஸ் பக்கம் இவ்வளவு வளைவு இல்லை. கெட்டிஸ்க்ஃப்ரீஸ்பேஸ்எக்ஸ் மூன்று எண்களைப் பைட்டிலேயே தருகிறது. அழைப்பவருக்குக் கிடைக்கும் இடம், மொத்த அளவு, மொத்தக் காலியிடம். முதல் எண் கோட்டாவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதையே எடுங்கள். நெட்வொர்க் பகிர்வின் பாதையைக் கொடுத்தால் கடைசியில் பின்சாய்வுக்கோடு இருக்க வேண்டும். கொடுப்பது டைரக்டரியாக இருக்க வேண்டும், ஃபைலாக அல்ல.

யூனிக்ஸில் தெரிந்திருக்க வேண்டியது இன்னொன்று. நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் ஸ்டாட்விஎஃப்எஸ் அழைப்பு திரும்பி வராமலே இருக்கலாம். உங்கள் புரோகிராமின் முக்கிய திரெட்டில் இதை அழைத்தால் முழு புரோகிராமும் உறைந்துவிடும். நெட்வொர்க் மவுண்ட் வரக்கூடிய இடத்தில் தனி திரெட்டில் அழைத்து, கால வரம்பு வையுங்கள்.

## 3. மொழியோடு வரும் லைப்ரரி

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதைத்தான். பைத்தானில் ஷுட்டில் தொகுதியின் டிஸ்க்_யூசேஜ் 3.3 பதிப்பில் இருந்து இருக்கிறது. ஜாவாவில் கெட்யூசபிள்ஸ்பேஸ், சி++17-இல் ஃபைல்சிஸ்டம் தொகுதியின் ஸ்பேஸ், டாட்நெட்டில் டிரைவ்இன்ஃபோவின் அவெய்லபிள்ஃப்ரீஸ்பேஸ், நோடில் 18.15 பதிப்பில் இருந்து ஸ்டாட்எஃப்எஸ். பிசைஸ், எஃப்ஆர்சைஸ் தலைவலியைப் பெரும்பாலும் இவை பார்த்துக்கொள்ளும். கோ மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான அழைப்பு இல்லை, ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஃபைல் எழுத வேண்டும் அல்லது வெளி பேக்கேஜ் சேர்க்க வேண்டும்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஜாவாவில் கெட்ஃப்ரீஸ்பேஸ் என்று ஒன்றும் உண்டு, டாட்நெட்டில் டோட்டல்ஃப்ரீஸ்பேஸ் என்று ஒன்றும் உண்டு. இரண்டும் மொத்தக் காலியிடத்தைச் சொல்பவை, நமக்கானவை அல்ல. பைத்தானிலோ ஃப்ரீ என்ற பெயரில் வருவது பிஅவெய்ல் கணக்கு. அதனால்தான் அங்கே யூஸ்டையும் ஃப்ரீயையும் கூட்டினால் டோட்டல் வராமல் போகிறது.

தோற்கும் விதத்தில்தான் இவை மிகவும் வேறுபடுகின்றன. இல்லாத பாதையைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் எக்ஸெப்ஷன் எறியும். ஜாவாவின் கெட்யூசபிள்ஸ்பேஸ் சத்தமே இல்லாமல் 0 தரும், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். ஜாவாவில் ஃபைல்ஸ்டோர் வழியாகக் கேட்டால் எக்ஸெப்ஷன் வரும், அதையே எடுங்கள். சி++-இல் எரர் கோடு வாங்கும் வடிவத்தை அழைத்துவிட்டு எரர் கோடைப் பார்க்காமல் விட்டால், கையில் இருப்பது அந்த வகை எண்ணின் உச்ச மதிப்பு. அதாவது முடிவில்லாத இடம். ஒன்றில் பட்டினி, ஒன்றில் விருந்து, இரண்டும் பொய்.

இன்னும் உருவாக்காத ஃபைலின் பாதையைக் கொடுப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். அந்த ஃபைல் வரப்போகும் டைரக்டரியைக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் டைரக்டரியைக் கொடுத்தும் பயனில்லை, தற்காலிக ஃபைல்களுக்கான டைரக்டரி தனி மவுண்டாக, நினைவகத்திலேயே கூட இருக்கலாம்.

## 4. முன்கூட்டியே இடம் பிடிப்பது

இதுவரை சொன்ன மூன்றும் இடத்தைப் பார்க்கும் வழிகள். இந்த வழி இடத்தை எடுத்துக்கொள்ளும். "30 ஜிபி இருக்கிறதா?" என்று கேட்காமல், "இந்த ஃபைலுக்கு 30 ஜிபி கொடு" என்கிறோம். கிடைத்தால் கிடைத்தது. கிடைக்காவிட்டால், ஒரு பைட் எழுதும் முன்பே தெரிந்துவிடும். என் இரவு வேலையை இப்படித்தான் சரிசெய்தேன். இரண்டு வேலைகள் சேர்ந்து தொடங்கினாலும் முதலில் வந்தது இடத்தைப் பிடிக்கும், இரண்டாவது தொடக்கத்திலேயே மறுக்கப்படும்.

லினக்ஸில் ஃபாலோகேட். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிட்டிஆர்எஃப்எஸ் ஆகியவற்றில் இது நொடியில் முடியும், ஏனென்றால் பிளாக்குகளை "எழுதப்படாதவை" என்று குறித்து ஒதுக்குவதோடு சரி, பூஜ்ஜியங்களை எழுதுவதில்லை. போசிக்ஸ்_ஃபாலோகேட் என்பது தரப்படுத்திய வடிவம், ஆனால் ஃபைல் சிஸ்டம் ஆதரிக்காவிட்டால் லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சி அதை ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பைட் எழுதிப் பாவனை செய்யும். பெரிய ஃபைலுக்கு அது மிக மெதுவாக ஓடும். லினக்ஸ் மட்டும் போதும் என்றால் நேரடி ஃபாலோகேட் நல்லது, ஆதரவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடும். போசிக்ஸ்_ஃபாலோகேட் பிழை எண்ணைத் திருப்பித் தரும், வழக்கமாகப் பிழை எண் இருக்கும் எர்னோ மாறியில் வைக்காது. வழக்கம்போல எர்னோவைப் பார்ப்பவர் தவறான பிழையைப் படிப்பார்.

விண்டோஸில் செட்எண்ட்ஆஃப்ஃபைல் கொண்டு நீளத்தை வைத்தால், ஸ்பார்ஸோ (இடம் ஒதுக்காத ஓட்டைகள் கொண்டதோ) சுருக்கப்பட்டதோ அல்லாத ஃபைலுக்கு என்டிஎஃப்எஸ் இடத்தை ஒதுக்கிவிடும். மேக்ஓஎஸ்ஸில் எஃப்சிஎன்டிஎல் அழைப்பில் எஃப்_பிரீஅலோகேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது.

எஃப்ட்ரங்கேட் கொண்டு நீளத்தைப் பெரிதாக்குவதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். யூனிக்ஸில் அது பெரும்பாலும் ஓட்டையுள்ள ஃபைலைத்தான் உருவாக்கும். பட்டியலில் 30 ஜிபி என்று தெரியும், டிஸ்க்கில் ஒன்றும் பிடித்திருக்காது.

குறைகளும் உண்டு. அளவு முன்பே தெரிய வேண்டும், சுருக்கிக்கொண்டே எழுதும் பேக்கப்புக்கு அது தெரியாது. புரோகிராம் நடுவில் செத்தால், பிடித்த இடம் அப்படியே கிடக்கும், யாராவது அழிக்க வேண்டும். பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் காப்பி-ஆன்-ரைட் முறையில் வேலைசெய்யும் ஃபைல் சிஸ்டத்தில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்துவிட்டால், ஒதுக்கிய பிளாக்கின் மேல் எழுதவும் புது இடம் வேண்டும். அங்கே முன்பதிவின் உறுதி கரைந்துவிடும்.

## 5. பார்க்காமலே எழுதி, பிழையைக் கையாள்வது

இதை நான் ஒரு தெரிவாகவே வைப்பதில்லை. மேலே எதைத் தேர்ந்தாலும் இது கூடவே இருக்க வேண்டும். சிறிய ஃபைல்களுக்கு இது மட்டுமே போதும்.

இடம் தீர்ந்தால் யூனிக்ஸ் தரும் பிழை ஈநோஸ்பேஸ், கோட்டா தீர்ந்தால் ஈடிகோட்டா. இரண்டையும் பிடியுங்கள். ஆனால் பிழை எப்போது வரும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரைட் அழைப்பு கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டு, எவ்வளவு எழுதியது என்ற எண்ணை மட்டும் தரலாம். அது பிழையல்ல, அடுத்த ரைட்டில்தான் பிழை வரும். என்எஃப்எஸ்ஸில் எல்லா ரைட்டும் வெற்றி என்று வந்து, டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க்கிலோ குளோஸிலோதான் உண்மை தெரியலாம். குளோஸின் விடையைப் பார்க்காத புரோகிராம் இழந்ததை அறியாமலே முடியும். சி++-இல் ஃபைல் ஸ்ட்ரீமின் டிஸ்ட்ரக்டர் பிழையை விழுங்கிவிடும், நீங்களே குளோஸ் செய்து நிலையைப் பாருங்கள். ஜாவாவின் பிரின்ட்ரைட்டர் எழுதும்போது எக்ஸெப்ஷனே எறியாது, செக்எரர் கேட்டால்தான் சொல்லும்.

பழைய ஃபைலின் மேலேயே நேரடியாக எழுதாதீர்கள். அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, கடைசியில் பெயரை மாற்றுங்கள். பாதியில் இடம் தீர்ந்தாலும் பழையது பத்திரமாக இருக்கும், பாதி ஃபைலை யாரும் முழுசாக எண்ண மாட்டார்கள். விலை என்னவென்றால், சிறிது நேரம் பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து இடம் வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பயனருக்கான எண் | இடைவெளிச் சிக்கல் | தோற்கும் விதம் | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| டிஎஃப் கட்டளை | தரும் | உண்டு | தவறாகப் பிரித்தால் தவறான எண் | ஷெல் ஸ்கிரிப்ட் |
| சிஸ்டம் அழைப்பு | சரியான புலத்தை எடுத்தால் | உண்டு | பிழை எண், என்எஃப்எஸ்ஸில் தொங்கல் | சி கோடு, ஐநோடும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவு) வேண்டும்போது |
| லைப்ரரி | சரியான பெயரை எடுத்தால் | உண்டு | எக்ஸெப்ஷன், 0 அல்லது உச்ச மதிப்பு | எச்சரிக்கை, முன் சோதனை |
| முன்பதிவு | தேவையில்லை | இல்லை | தொடக்கத்திலேயே மறுப்பு | அளவு தெரிந்த பெரிய ஃபைல் |
| எழுதிப் பார்ப்பது | தேவையில்லை | இல்லை | நடுவிலோ குளோஸிலோ பிழை | எப்போதும் |

## எண்ணே உண்மை சொல்லாத இடங்கள்

இடம் இருந்தும் ஈநோஸ்பேஸ் வருகிறது என்றால் முதலில் ஐநோடைப் பாருங்கள். எக்ஸ்ட்4-இல் ஐநோடுகளின் எண்ணிக்கை ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் சின்ன ஃபைல்கள் எழுதும் புரோகிராம் ஜிபி கணக்கில் இடம் இருக்கும்போதே நின்றுவிடும். ஸ்டாட்விஎஃப்எஸ் ஐநோடு எண்ணையும் தருகிறது, பைத்தானின் டிஸ்க்_யூசேஜ் தராது. ஆனால் பிட்டிஆர்எஃப்எஸ்ஸில் மொத்த ஐநோடு 0 என்றே வரும். அதைத் தீர்ந்துவிட்டது என்று படிக்காதீர்கள்.

ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லையா? வேறு ஏதோ பிராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும். மூடும்வரை இடம் வராது.

பிட்டிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ், ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஆகியவற்றில் ஒரே கிடங்கைப் பல வால்யூம்கள் பகிர்கின்றன. ஒவ்வொன்றும் "எனக்கு 100 ஜிபி இருக்கிறது" என்று சொல்லும், எல்லாம் அதே 100. கூட்டிக் காட்டினால் தவறு.

ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது, பென்டிரைவில் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி.

கன்டெய்னருக்குள் கேட்டால் வருவது பெரும்பாலும் ஹோஸ்ட்டின் டிஸ்க் கணக்கு. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் தற்காலிக ஸ்டோரேஜுக்கு வரம்பு வைத்திருந்தால் அது ஸ்டாட்விஎஃப்எஸ்ஸுக்குத் தெரியாது. வரம்பைத் தாண்டிய பாட் (கன்டெய்னர்களின் தொகுப்பு) வெளியேற்றப்படும், ஈநோஸ்பேஸ் வராது.

## சரி, உங்கள் நிலைக்கு எது?

நிறுவும் அல்லது இறக்கும் புரோகிராம்: லைப்ரரி வழியாகப் பார்த்து, போதாது என்றால் பயனரிடம் முன்பே சொல்லுங்கள். அவருடைய நேரம் மிச்சமாகும். பார்த்தபின் அளவு தெரிந்த ஃபைலுக்கு முன்பதிவு செய்யுங்கள். எண்ணைக் காட்டும்போது அலகில் கவனம் தேவை. 1000-ஆல் கணக்கிட்டால் 500 ஜிபி, அதையே 1024-ஆல் கணக்கிட்டால் 465.7 என்று வரும். பயனரின் சிஸ்டம் காட்டும் முறையையே பின்பற்றுங்கள்.

கைபேசி ஆப்: ஆண்ட்ராய்டு 8 முதல் கெட்அலோகேட்டபிள்பைட்ஸ் இருக்கிறது. மற்ற ஆப்களின் கேஷை அழித்தால் கிடைக்கக்கூடிய இடத்தையும் அது கணக்கில் சேர்க்கும். ஐஓஎஸ் 11 முதல், முக்கியமான பயன்பாட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கத் தனி வழி உண்டு. பழைய வழிகளில் கேட்டால் குறைவான எண் வந்து, தேவையில்லாமல் பயனரைத் திருப்பி அனுப்புவீர்கள்.

அளவு தெரியாத பேக்கப்: தற்காலிக ஃபைலில் எழுதுங்கள், சில நூறு எம்பிக்கு ஒரு முறை இடத்தைப் பாருங்கள், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் நீங்களே நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். டிஸ்க் முழுதாக நிரம்பும்வரை எழுதிக்கொண்டே போனால் அதே டிஸ்க்கில் ஓடும் மற்ற புரோகிராம்களும் சேர்ந்து விழும்.

சர்வர் கண்காணிப்பு: சதவீதத்தை மட்டும் வைத்து எச்சரிக்காதீர்கள். 10 டிபி டிஸ்க்கில் 5 சதவீதம் என்பது 500 ஜிபி, 20 ஜிபி டிஸ்க்கில் அது 1 ஜிபி. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதையும் ஐநோடையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மவுண்டையும் தனித்தனியாக, கால வரம்போடு கேளுங்கள். ஒரு நெட்வொர்க் மவுண்ட் செத்ததால் மற்ற டிஸ்க்குகளின் எச்சரிக்கையும் வராமல் போகக் கூடாது.